நோயாளி இல்லாத மருத்துவம்

வணிக நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு விந்தையான பாடம் நடைபெறுகிறது. வகுப்பை நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தகவல் தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனமாகப் பாவித்துக்கொள்கிறது. ஒருவர் தலைவர், ஒருவர் கம்பெனியின் நடைமுறைகளை ஆராய்பவர், ஒருவர் தொழில்நுட்பம் தெரிந்தவர், ஒருவர் வரவு செலவுக் கணக்குப் போடுபவர். பேராசிரியரோ ஒரு கற்பனைக் கம்பெனியின் நிர்வாக இயக்குநராகிவிடுகிறார். "எங்கள் கிடங்கிலே சரக்கு தேங்குகிறது, கடையிலே சரக்கு இல்லை. கணக்கு ஒரு நாளும் ஒத்துப்போவதில்லை. என்ன கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்யலாம்?" என்று அவர் கேட்கிறார். குழுக்கள் ஆராய்கின்றன, இப்போதைய நடைமுறையைப் படமாக வரைகின்றன, வருங்கால நடைமுறையையும் வரைகின்றன, மூன்று வழிகளைச் சீர்தூக்குகின்றன, செலவும் லாபமும் கணக்கிடுகின்றன. பருவத்தின் முடிவில் நன்றாக உடுத்திக்கொண்டு வந்து, திரையிலே படங்களைக் காட்டி, இருபது நிமிடம் பேசி, மதிப்பெண் பெற்றுப் போகின்றன.

இந்தப் பாடத்தை நாம் வரவேற்கிறோம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில், குறை சொல்லப் புகுந்தவர் எல்லோரும் பகைவர் என்று எண்ணுகிற பழக்கம் நாட்டிலே உண்டு. நாம் பகைவரல்லர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். அதைப் பேராசிரியர்களும் ஒப்புக்கொண்டு, ஏட்டை மூடிவைத்து, "செய்து பார்" என்று மாணவனிடம் சொல்ல முன்வந்தார்களே, அது நல்ல காரியம்.

அது ஒரே நாளில் வந்த காரியமுமல்ல. 1908-இல் தொடங்கப்பெற்ற ஹார்வர்டு வணிகப் பள்ளி, உண்மையான கம்பெனிகளின் சிக்கல்களை மாணவர் முன் வைத்து, "நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன முடிவு செய்வாய்?" என்று கேட்கும் முறையை வளர்த்தது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க நிர்வாகச் சங்கம், ஐ.பி.எம். 650 என்ற கம்ப்யூட்டரைக் கொண்டு, நிர்வாகிகள் குழுக்களாகப் பிரிந்து போட்டியிடும் வியாபார விளையாட்டை நடத்திக் காட்டியது. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாதிலும் இந்திய நிர்வாகக் கழகங்கள் தோன்றின. அகமதாபாத் கழகம் ஹார்வர்டின் துணையோடு வளர்ந்தது. அந்த வழியும் இங்கே வேர் பிடித்தது. இன்றைய பாவனை ஆலோசனைக் குழுக்கள் இந்தக் கிளையிலே காய்த்த காய்களே.

காய் நல்ல காய்தான். ஆனால் அது பழுக்கவில்லை என்பதே நம் வாதம்.

அங்கே யார் இல்லை?

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்று வகுத்தார் வள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவன் என்பவை அந்நான்கு. வரிசையிலே அவர் முதலில் வைத்தது யாரை? மருத்துவனை அல்ல, மருந்தையும் அல்ல, நோயாளியை!

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பாவனைக் குழுக்கள் இருக்கும் வகுப்பறைக்குள் நுழைவோம். மருத்துவர் உண்டு, ஒருவரல்ல, ஐந்து குழுவுக்கு இருபத்தைந்து பேர். மருந்து உண்டு, இன்ன மென்பொருள், இன்ன விலை என்று பட்டியலே உண்டு. மருத்துவருக்குக் கூலி கொடுக்கும் எசமானர் உண்டு, அவர்தான் பேராசிரியர். நோயாளி எங்கே? கிடங்கிலே மூட்டை எண்ணுகிற சிப்பந்தி எங்கே? கடையின் முன்மேசையிலே பில் போடுகிற பெண் எங்கே? புது ஏற்பாடு வந்த மறுநாள் காலை, வரிசையிலே நிற்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லப்போகிறவர் யாரோ, அவர் எங்கே?

அவருக்கு அங்கே நாற்காலி இல்லை. வரைபடத்தில் ஒரு கட்டமாக அவர் இருக்கிறார். கட்டம் பேசாது. கட்டம் பயப்படாது. "ஐயா, நீங்கள் சொல்கிறபடி செய்தால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்குமே" என்று எதிர்த்துக் கேட்காது. ஆகவே ஒவ்வொரு குழுவின் திட்டமும் காகிதத்திலே வெற்றி பெறுகிறது. தோல்வியே காணாத ஒத்திகையிலே தேறி வெளியே வருகிற இளைஞன், உண்மையான ஆஸ்பத்திரிக்கும் உண்மையான சம்பளப் பட்டியலுக்கும் ஆலோசனை சொல்லப் போகிறான்.

இது கல்லூரிச் சுவருக்குள் அடங்கிப்போகும் சிறு குறைதானே என்று சிலர் எண்ணலாம். அது சுவரைத் தாண்டினால் என்னவாகும் என்பதற்கு உலகிலே சாட்சிகள் நிரம்ப உண்டு. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம்.

லண்டன் சொல்லும் பாடம்

1992-ஆம் ஆண்டு. லண்டன் மாநகரின் ஆம்புலன்ஸ் நிலையம். ஏறத்தாழ 68 லட்சம் மக்களுக்கு அது பொறுப்பு. நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள். அழைப்பை எடுப்பவர் ஒரு காகிதச் சீட்டில் விவரம் எழுதுவார். வரைபட நூலைப் புரட்டி இடத்தைக் கண்டுபிடிப்பார். சீட்டு நகரும் பட்டையிலே ஏறி உரியவரிடம் போகும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மனத்திலும் அட்டையிலும் வைத்திருப்பவர் வண்டியை அனுப்புவார். தாமதமான முறைதான், மாற்ற வேண்டிய முறைதான். அதை யாரும் மறுக்கவில்லை.

மாற்றுவதற்கு முன்பே ஆலோசனையும் கேட்டார்கள். 1990-இல் ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் அறிக்கை தந்தது. ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள் பொருந்துமானால் 15 லட்சம் பவுண்டும் 19 மாதமும் பிடிக்கும். அப்படிப் பொருந்தாமல் புதிதாகச் செய்ய நேர்ந்தால் பணமும் காலமும் இன்னும் கணிசமாகக் கூடும் என்பது அதன் எச்சரிக்கை. நடந்தது என்ன? ஏறத்தாழ 9 லட்சத்து 37 ஆயிரம் பவுண்டுக்குச் செய்து தருகிறோம் என்று வந்த கூட்டுக் குழுவிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆம்புலன்சை அனுப்பும் மென்பொருளை முன்பின் செய்து பழகாத கம்பெனி அதை எழுத வேண்டியதாயிற்று. மலிவு வென்றது, எச்சரிக்கை தோற்றது.

அக்டோபர் 26. புது ஏற்பாடு முழு வீச்சில் தொடங்கியது. அறையிலே இருக்கைகள் மாற்றப்பட்டன. வண்டிகளை அனுப்புவோர் பழகிய இடத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். கைகொடுத்துவந்த காகிதச் சீட்டு அகற்றப்பட்டது. எந்த வண்டி எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது எப்போதும் துல்லியமாகத் தெரிந்தால்தான் அந்தக் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்யும். தெருவிலே ஓடும் வண்டியிலிருந்து அத்தனை துல்லியம் வருமா? வரவில்லை. தவறான வண்டி தவறான இடத்துக்குப் போயிற்று. பிழைச் செய்திகள் மலைபோல் குவிந்தன. பழைய செய்தி திரையை விட்டு மேலே ஓடி மறைந்தது. வண்டி வராத மக்கள் மீண்டும் மீண்டும் தொலைபேசியில் அழைத்தனர். அழைக்க அழைக்க நெரிசல் மேலும் பெருகிற்று. மறுநாள் பிற்பகலில் பாதி வேலையைக் கைமுறைக்கு மாற்றினார்கள். நவம்பர் 4 அதிகாலையில் கம்ப்யூட்டர் அடியோடு நின்றது. சில வாரங்களுக்கு முன் மென்பொருள் எழுதியவர் நீக்காமல் விட்டுவிட்ட சிறு துண்டு, ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் நினைவகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்து, கடைசியில் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மறுபடியும் காகிதச் சீட்டு!

1993 பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. காலக்கெடு மிகக் குறுகியது, துணிகரம் மிகப் பெரியது என்று வெளியார் பலர் சொன்ன ஆலோசனையை நிர்வாகம் செவிமடுக்கவில்லை என்று அது கூறிற்று. சிப்பந்திகளுக்குத் தந்த பயிற்சி, ஏற்பாடு தள்ளிப்போன காரணத்தால் மறந்தே போகும் அளவுக்கு முந்தியதாக இருந்தது. இது எங்கள் ஏற்பாடு என்ற உரிமை உணர்வும் அவர்களுக்கு இல்லை. எங்ஙனம் இருக்கும்? அவர்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடா அது?

கதை அத்துடன் முடியவில்லை. முடியாததுதான் நமக்கு முக்கியம். அதே நிலையம், அதே நகரம், அதே சிப்பந்திகள். பிறகு அவர்கள் நிதானமாகத் தொடங்கினார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் சிறுகச் சிறுகக் கட்டினார்கள். சிப்பந்திகளைக் கூட்டி உட்காரவைத்து, மாதிரியைச் செய்து காட்டி, அவர்கள் சொன்ன குறையைத் திருத்தி, அடுத்த படிக்குப் போனார்கள். 1996-இல் புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது, நின்றது, பிரிட்டிஷ் கணினிக் கழகத்தின் விருதையும் பெற்றது. 1992-இல் இல்லாத எந்த மாய மருந்து 1996-இல் வந்தது? பணமும் அவகாசமும் கூடின, உண்மை. ஆனால் அவற்றோடு நோயாளியும் உள்ளே வந்தார்!

இப்போது நாம் கேட்கிறோம்: 1991-இல் இந்தக் கோப்பை ஒரு வகுப்பறையிலே வைத்திருந்தால் எந்தக் குழுவுக்கு முதல் மதிப்பெண் கிடைத்திருக்கும்? குறைந்த விலை, குறுகிய காலம், ஒரே வீச்சில் முழு மாற்றம் என்று அழகிய படங்களோடு வந்த குழுவுக்கா? "பணம் போதாது, காலம் போதாது, முதலில் ஒரு பகுதியில் மட்டும் செய்து பார்ப்போம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்ன குழுவுக்கா? நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லட்டும் பேராசிரியப் பெருமக்கள்.

மிட்டாய் முதல் சம்பளம் வரை

லண்டன் தனி நிகழ்ச்சியல்ல. 1999-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹெர்ஷி மிட்டாய்க் கம்பெனி, 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்தது. 48 மாதம் வேண்டும் என்ற வேலை 30 மாதத்துக்குள் நெருக்கப்பட்டது. மிட்டாய் விற்பனை உச்சத்துக்கு ஏறும் ஹாலோவீன் பருவத்துக்குச் சற்று முன்பாக எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கிடங்கிலே சரக்கு இருந்தது, கடைக்குப் போகவில்லை. 10 கோடி டாலர் மதிப்புள்ள உருப்படிகளை அனுப்ப இயலாமல் போயிற்று. மிட்டாய்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாம்.

சம்பளத்தை அப்படி விட முடியுமா? 2016-இல் கனடா நாட்டு அரசாங்கம் தன் ஊழியருக்கென்று ஃபீனிக்ஸ் என்ற சம்பள ஏற்பாட்டைத் தொடங்கியது. சுமார் 2,90,000 ஊழியர்கள். சம்பளச் சிக்கலைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்த, விதியும் விலக்கும் விரல் நுனியில் வைத்திருந்த ஏறத்தாழ 1,200 பேரின் இடங்கள் நீக்கப்பட்டன. ஒரே ஊரில் சுமார் 550 பேர் அமர்த்தப்பட்டனர். முன்னோட்டமாகச் செய்து பார்க்கவிருந்த சோதனை கைவிடப்பட்டது. விளைவு? வேலை செய்தவருக்குச் சம்பளம் இல்லை, சிலருக்குக் குறைவு, சிலருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கும் அவலம். 2018-இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர், இது புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார். புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? நோயை அறிந்தவரை வெளியே அனுப்பிவிட்டு மருத்துவம் பார்த்தார்கள்!

எல்லாவற்றிலும் கொடியது பிரிட்டனின் அஞ்சல் நிலையங்களில் நடந்தது. 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு புகுத்தப்பட்டது. சிற்றூர்களிலே அஞ்சல் நிலையம் நடத்திவந்த எளியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டிற்று. "நாங்கள் எடுக்கவில்லை, கம்ப்யூட்டர்தான் தவறு செய்கிறது" என்று அவர்கள் கதறினார்கள். கேட்பாரில்லை. 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். சிறை சென்றவரும் உண்டு. சொத்தை இழந்தவரும் உண்டு. 2019-இல் உயர்நீதிமன்றம் அந்த ஏற்பாட்டில் பிழைகள் இருந்தன என்று கூறியது. 2024-இல் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றித் தீர்ப்புகளை ரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கோ குழி பறித்து, தள்ளி, மண்ணும் போட்டார்கள்.

இவற்றிலெல்லாம் கெட்டிக்காரர்கள் குறைவாக இருந்தார்களா? இல்லை. படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், திரையிலே படம் காட்டத் தெரிந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். முன்மேசையிலே உட்கார்ந்திருப்பவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கம் எங்கே வர வேண்டும்? கற்கும் இடத்திலேயே வர வேண்டும்.

மறுப்புக்கு மறுப்பு

"பதினைந்து வாரம்தான் பருவம், அதற்குள் இத்தனையும் முடியுமா?" என்று கேட்பார்கள். மூன்று மென்பொருளை ஒப்பிட்டு முப்பது பக்கம் எழுத முடிகிற காலத்தில், இரண்டைக் குறைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரு சிப்பந்தியின் குறை கேட்க முடியாதா?

"உண்மையான கம்பெனிக்கே மாணவரை அனுப்பிவிடலாமே?" என்பார்கள். அனுப்புகிற கல்லூரிகள் உண்டு, நன்று. ஆனால் பருவம் முடிந்ததும் மாணவன் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான். அரைகுறையாக நிற்கும் ஏற்பாட்டோடு அழப்போவது அந்தச் சிறு கடைக்காரர். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் ஊர் கேலியாகச் சொல்லும். யாரையும் கொல்லாமல் அந்த அரை வைத்தியத்தைக் கற்றுக்கொள்ளும் இடம் அல்லவா ஒத்திகை மேடை! தவறு செய்தாலும் தீங்கில்லை என்பதே அதன் பெருமை. அப்படியிருக்க, தவறே நேராதபடி அந்த மேடையை அமைத்தால் அதனால் பயன் என்ன?

"இது வெறும் விளையாட்டுத்தானே?" என்பார் மூன்றாமவர். விளையாட்டிலே பழகிய கைதான் வினையிலும் வரும்.

நாம் சொல்லும் திருத்தங்கள்

குறை சொல்லிவிட்டு ஓடிப்போகிறவர் நாமல்லோம். நம் யோசனைகள் இவை.

முதலாவது: ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு குழு ஆலோசகராக இராமல் சிப்பந்திகளாக இருக்கட்டும். ஒருவர் கிடங்குக்காரர்; ஒருவர் பில் போடுபவர்; ஒருவர் ஓய்வுக்கு இரண்டாண்டு இருக்கிற குமாஸ்தா; ஒருவர் தற்காலிக வேலைக்காரர். பேராசிரியர் இவர்களுக்குத் தனியே ஒரு சீட்டு கொடுக்கட்டும். நிர்வாக இயக்குநருக்கே தெரியாத உண்மைகள் அதில் இருக்கட்டும்: எந்தச் சரக்கு பதிவில்லாமலே போகிறது, எந்தக் கணக்கு மாதக் கடைசியில் பென்சிலால் திருத்தப்படுகிறது, யாருக்கு வேலை போய்விடும் என்ற பயம். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். மரியாதையாகக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். பருவ முடிவில் ஆலோசகர் குழுவின் மதிப்பெண்ணில் கால் பங்கு இவர்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது: "இப்போது வேண்டாம்" என்பதும் சரியான விடை என்று அறிவிக்கட்டும். வாங்கு, மாற்று, விரிவாக்கு என்பதற்கே மதிப்பெண் என்றால், எல்லாக் குழுவும் வாங்கத்தான் சொல்லும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அடுத்தவர் பணத்தை அள்ளி ஊற்றும் கலையையா நாம் கற்பிக்கிறோம்? மேசையையும் கோப்பையும் ஒழுங்குபடுத்தினாலே தீருகிற நோய்க்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் துணிவும் ஆலோசகனுக்கு அழகு.

மூன்றாவது: இறுதிப் பேச்சோடு திரை விழக்கூடாது. இரண்டாம் அங்கம் ஒன்று வேண்டும். "உங்கள் ஏற்பாடு தொடங்கி ஆறு நாள் ஆயிற்று, பில் போடும் இயந்திரம் நின்றுவிட்டது, வரிசையில் நாற்பது பேர், என்ன செய்வீர்கள்?" என்று பேராசிரியர் கேட்கட்டும். பழைய முறைக்குத் திரும்ப வழி வைத்திருக்கிறாயா? காகிதச் சீட்டை எரித்துவிட்டாயா, பரணில் வைத்திருக்கிறாயா? யார் பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? இதற்கு விடை இல்லாத திட்டம் எத்துணை அழகாயினும் பாதி மதிப்பெண்ணே பெறட்டும்.

நான்காவது: ஆலோசகன் யார் பக்கம் என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். ஆலோசனை சொல்கிறவனே மருந்தையும் விற்கிறவனாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் உண்டு. லண்டனில் நல்ல எச்சரிக்கை தந்த அதே ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம்தான், அமெரிக்காவிலே என்ரான் கம்பெனியின் தணிக்கையாளராகவும் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் தணிக்கைக்கு 2 கோடியே 50 லட்சம் டாலரும், ஆலோசனை முதலிய பிற பணிகளுக்கு 2 கோடியே 70 லட்சம் டாலரும் அதே கம்பெனியிடம் பெற்றது. 2001-இல் என்ரான் சரிந்தது. 2002-இல் அமெரிக்கா சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் இயற்றி, தணிக்கை செய்கிறவரே அதே கம்பெனிக்கு நிதிக் கணக்குக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அமைத்துத் தருவதைத் தடுத்தது. இந்தப் பாடம் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதாது. பாவனைக் குழுவிலும் இருக்கட்டும். ஒரு குழுவின் காதிலே, "இந்த மென்பொருளை விற்றால் உங்களுக்கு இவ்வளவு தரகு" என்று பேராசிரியர் இரகசியமாகச் சொல்லிப் பார்க்கட்டும். அவர்கள் அதை வெளியே சொல்கிறார்களா, விழுங்கிவிடுகிறார்களா? அந்த ஒரு சோதனை பத்து விரிவுரைக்குச் சமம்.

ஐந்தாவது, காலம் கட்டாயமாக்கிய திருத்தம்: அறிக்கையை அளந்து மதிப்பெண் போடும் வழக்கத்தை மாற்றட்டும். முப்பது பக்க அறிக்கையை இன்று செயற்கை அறிவு இயந்திரம் நொடியில் எழுதித் தந்துவிடும். 2025-இல் ஆஸ்திரேலியாவில், டெலாய்ட் நிறுவனம் அரசாங்கத் துறை ஒன்றுக்கு ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்குத் தயாரித்துக் கொடுத்த அறிக்கையிலே, இல்லாத ஆய்வுகளும் நீதிமன்றத் தீர்ப்பில் காணப்படாத மேற்கோளும் இருந்தது அம்பலமாயிற்று. இயந்திரத்தின் துணையைக் கொண்டதை ஒப்புக்கொண்டு, வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க இசைந்தது. பழுத்த ஆலோசகர்களுக்கே இந்தக் கதி என்றால், பத்தொன்பது வயது மாணவனுக்குச் சபலம் வராதா? இயந்திரம் செய்ய முடியாதது ஒன்று உண்டு: கிடங்குக்காரரின் எதிரே உட்கார்ந்து, அவர் சொல்லத் தயங்குவதைச் சொல்லவைப்பது. மதிப்பெண் அதற்கு இருக்கட்டும்.

இவற்றுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம். கூடுதல் நிதியும் வேண்டாம். ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டால் போதும்.

நம் பிள்ளைகளும் நம் வீடுகளும்

இதை ஏன் தமிழ் மக்களிடம் வந்து சொல்கிறோம்? காரணம் உண்டு. தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்ட நாளிலிருந்து, பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிலையங்கள் எழுந்தன. கடல் கடந்த நாடுகளின் வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடுகள் செய்து கொடுக்கும் கைகளிலே தமிழ்ப் பிள்ளைகளின் கைகள் ஏராளம். நம் பிள்ளைகள் தட்டுகிற ஒரு விசை எங்கோ ஒரு நாட்டிலே ஒரு தாதியின் சம்பளத்தை நிறுத்தவும் கூடும், காக்கவும் கூடும். இந்தப் பொறுப்பு சிறிதன்று.

இன்னொரு காரணமும் உண்டு. அது நமக்குப் பெருமை தருவது. அந்த வகுப்பறைகளிலே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? பஸ்ஸிலே டிக்கெட் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் கண்டக்டரின் மகன் அங்கே இருக்கிறான். ரேஷன் கடையிலே விரல் ரேகை பதியவில்லை என்று இயந்திரம் மறுக்கும்போது, கோபப்படும் கூட்டத்துக்குப் பதில் சொல்கிற விற்பனையாளரின் மகள் அங்கே இருக்கிறாள். ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்று பில் போடும் தாயின் பிள்ளை இருக்கிறான். தலைமுறை தலைமுறையாகக் கல்வி எட்டாமல் இருந்து, இன்று முதல் முறையாகக் கல்லூரிப் படியேறிய வீடுகள் அவை. எந்த ஏற்பாடு மேலேயிருந்து வந்தால் கீழேயிருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை அந்தப் பிள்ளைகள் சோற்றோடு சேர்த்து உண்டு வளர்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டிலே விலை கொடுத்தாலும் கிடைக்காத அறிவு அது.

ஆனால் என்ன நடக்கிறது? ஆலோசகர் வேடம் போட்டதும், அந்த அறிவைச் செருப்போடு வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறது பாடம். "அம்மா சொல்வாளே, மாலை ஏழு மணிக்குக் கூட்டம் நெரியும்போதுதான் இயந்திரம் நிற்கும்" என்று சொல்லக்கூடிய மாணவன், அதைச் சொன்னால் கௌரவக் குறைவோ என்று அஞ்சி, எங்கோ படித்த வார்த்தைகளை அடுக்குகிறான். அவன் வாயை அடைப்பது யார்? அவனல்லன். அவன் அறிவுக்கு மதிப்பெண் இல்லை என்று ஆக்கிவைத்த முறை!

தம்பி, தங்கை, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு உங்கள் குழு கூடும்போது, முதல் படத்தை வரைவதற்கு முன்னால், வீட்டிலே அப்பாவையோ அம்மாவையோ உட்காரவைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வேலையிலே கம்ப்யூட்டர் வந்தபோது எது சுலபமாயிற்று, எது கடினமாயிற்று, உங்களை யாராவது கேட்டார்களா?" முப்பது பக்க அறிக்கையின் முதல் பக்கம் அங்கே கிடைக்கும்.

பேராசிரியப் பெருமக்களையும், பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகத்தாரையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒத்திகை நடக்கட்டும், இன்னும் சிறப்பாக நடக்கட்டும். வேடம் இருக்கட்டும், படமும் பேச்சும் இருக்கட்டும். மருத்துவரை உருவாக்குகிறீர்கள், மகிழ்ச்சி. மருந்தையும் அறிமுகப்படுத்துகிறீர்கள், நன்று. வரும் பருவத்திலாவது நோயாளியையும் உள்ளே அழையுங்கள். அவர் வாய் திறக்கட்டும். நம் பிள்ளைகள் காது கொடுக்கட்டும். அந்த நாள்தான் இது பாவனை என்ற பெயர் நீங்கிப் பயிற்சி என்ற பெயரைப் பெறும் நாள்!